நரிவலையோடு ரம்புக்கனைக்குப் போன கதை

என்னோடு கப்பலேறியவர்கள் மூட்டைமுடிச்சு, ஊறுகாய்ச் சாடி, பிள்ளைகுட்டி என்று வந்தார்கள். நான் ஒரு வலையைத் தூக்கிக்கொண்டு போனேன். முப்பது முழ நீளம், இடுப்பு உயரம், சணப்பை நூலில் கைமுடிச்சு. பார்த்தவனெல்லாம் ஒரே கேள்வியைத்தான் கேட்டான்: "எந்தக் கடல்ல மீன் புடிக்கப் போறீங்க?" வலை என்றால் மீனுக்கு மட்டும்தானா ஐயா இந்த உலகத்தில்? முதல் நாலு பேருக்குப் பொறுமையாகப் பதில் சொன்னேன். ஐந்தாவது ஆளிடம், "திமிங்கலம் புடிக்க" என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டேன். அப்போது எனக்கு இருபத்தைந்து வயது. மூக்கு நுனியில்தான் கோபம்.

எங்கள் ஊர் சேலத்துக்குக் கிழக்கே, வாழப்பாடிப் பக்கம். பொங்கலுக்கு மறுநாள் நாயும் வலையுமாகக் கரட்டுக்குப் போய் ஒரு நரியை உயிரோடு பிடித்து வருவோம். வங்காநரி என்பார்கள். அதன் வாயைத் துணியால் கட்டி மாரியம்மன் கோயில் முன்னால் நிறுத்தினால் ஊரே வந்து முகம் பார்க்கும்; பார்த்தால் அந்த வருஷம் நல்லது நடக்கும். பிறகு பிடித்த இடத்திலேயே கொண்டுபோய் விட்டுவிடுவோம். நாய் விரட்டலாம், கடிக்கக் கூடாது. ஒரு சொட்டு ரத்தம் சிந்திவிட்டால் அந்த நரியின் முகம் பார்ப்பதற்கு ஆகாது. தை இரண்டாம் நாள் தாண்டிவிட்டாலும் பலனில்லை, அடுத்த வருஷம்தான்.

என் அக்கா கலியாணமாகி மாமாவோடு இலங்கைக்குப் போய்ப் பத்து வருஷமாகியிருந்தது. கேகாலைப் பக்கம் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் இருவரும் பால் வெட்டிக்கொண்டிருந்தார்கள். இரண்டு பிள்ளைகள் பிறந்தன, இரண்டும் தங்கவில்லை. மறுபடி வயிற்றில் இருக்கிறது, தை பிறந்தால் ஆறு மாதம் என்று ஐப்பசியில் ஒரு கடிதம் வந்தது. எழுதியவர் தோட்டத்துக் கணக்கப்பிள்ளை. ஆனால் அக்காவின் குரல் அப்படியே காதில் விழுந்தது: "பத்து வருசமா நரி முகம் பாக்கல. அதான் எனக்கு ஒண்ணும் நிக்க மாட்டேங்குது. இந்த ஒடம்போட கடல் தாண்டி வர முடியாது. தம்பி வலையத் தூக்கிட்டு வரணும்."

அம்மா அழுதாள். அப்பா பரணிலிருந்து வலையை இறக்கினார். இதையெல்லாம் நீ நம்பினாயா என்று என்னைக் கேட்காதீர்கள். கேட்டவள் அக்கா. என்னை இடுப்பை விட்டு இறக்காமல் வளர்த்தவள். அவள் கேட்டால் புலியையே பிடித்துக் கொடுப்பேன், நரி எந்த மூலைக்கு?

கடல் தாண்டுகிறவர்களின் துணிமணிக்கெல்லாம் மருந்து போட்டு ஆவி காட்டித்தான் விடுவார்கள். வலைக்கும் அதே மரியாதை நடந்தது. அதற்கப்புறம் வலையில் அடித்த நெடியில் நரி என்ன, எலிகூடக் கிட்ட வராது. வழியெல்லாம் எனக்கு அதே கவலை.

கப்பலிறங்கி ஏறிய ரயிலில் எனக்கு எதிரே ஒரு சிங்களத் தாய், மடியில் மூன்று வயதுப் பெண் குழந்தை. கொழுகொழுவென்று அழகான குழந்தை. கமர்கட்டு ஒன்றை நீட்டினேன். குழந்தை என்னைப் பார்த்து, "எப்பா" என்றது. எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது! எங்கள் பக்கம் ஆண்பிள்ளைகளைக் கூப்பிடுவதே அப்படித்தான். "எப்பா, இங்க வா", "எப்பா, அதை எடு." தெரியாத தேசத்தில் ஒரு குழந்தை முறை வைத்துக் கூப்பிடுகிறதே என்று இன்னும் இரண்டு கமர்கட்டை எடுத்து அதன் கையில் திணித்தேன். குழந்தை, "எப்பா! எப்பா!" என்று வீறிட்டு அழுதது. தாய் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு வேறு பலகைக்குப் போய் உட்கார்ந்தாள். செல்லம் கொஞ்சியது ஒரு குற்றமா என்று எனக்கு மனத்தாங்கலாகப் போய்விட்டது.

ரம்புக்கனையில் இறங்கினேன். அதற்குமேல் ஏற்றம் என்பதால் வண்டிக்குப் பின்னால் இன்னொரு எஞ்சினைக் கொண்டுவந்து பூட்டிக்கொண்டிருந்தார்கள். எங்கள் ஊர்ப் பக்கம் மேட்டில் மாட்டுவண்டியைப் பின்னாலிருந்து நாலு பேர் தள்ளுவோமே, அதே வேலைதான்.

நிலையத்துக்கு வெளியே ஒரு முஸ்லிம் பெரியவரின் தேத்தண்ணிக் கடை. எல்லாரும் அவரை நானா என்றுதான் கூப்பிட்டார்கள், அண்ணன் என்று அர்த்தமாம். பாலில்லாத சாயத் தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டு கித்துள் பனைக் கருப்பட்டியும் கொடுத்தார். நான் கருப்பட்டியைக் கோப்பைக்குள் போட்டு விரலால் கலக்கினேன். கடையே சிரித்தது.

"அத கலக்கப்படாது தம்பி. கடிச்சுக் கடிச்சுக் குடிக்கோணும்" என்று நானா இன்னொரு துண்டு எடுத்துக் கொடுத்தார். "அது சரி, வலையெல்லாம் கொண்டு வந்திருக்கிய, இங்க கடல் எங்க ஈக்கிது?"

"மீனுக்கில்லைங்க, நரிக்கு" என்றேன்.

"நரியப் புடிச்சு?"

"முகத்தப் பாப்போம்."

"பாத்து?"

"விட்ருவோம்."

நானா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். சிரிப்பதற்கு வாயைத் திறந்தவர், யாருக்காக என்று கேட்டார். அக்கா விஷயத்தைச் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது. "எங்கட ஊட்டுலயும் ஒண்டு தங்கல்ல தம்பி" என்றபடி உள்ளே போனவர், காய்ந்த வாழைமட்டையில் சுற்றிய முழுக் கருப்பட்டி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். "இத அந்தப் புள்ளைக்குக் குடுங்க" என்றார். அந்தச் சாயத் தண்ணியின் ருசி இன்றைக்கும் என் நாக்கில் இருக்கிறது.

தோட்டத்துக்கு அரிசி ஏற்றிப் போன மாட்டுவண்டியில் இடம் கிடைத்தது. கிடைத்ததே தவிர உட்கார்ந்து போக முடிந்ததா? மூன்று ஏற்றத்தில் மாடு படுத்துக்கொண்டது. தள்ளினேன். மழை வேறு. தை மாதத்தில் மழை பெய்யும் ஊரை அன்றைக்குத்தான் பார்த்தேன். தோட்டத்து ஆட்கள் குடியிருக்கும் லயத்துக்குப் போய்ச் சேர்ந்து வேட்டியைத் தூக்கிப் பார்த்தால் கணுக்காலில் ஏழு அட்டை. "அட, மாப்ளைக்கு மரியாத பலமாத்தான் நடந்திருக்கு" என்று மாமா சுண்ணாம்பையும் புகையிலையையும் குழைத்துத் தடவினார்.

அக்கா வாசலில் நின்றிருந்தாள். கைகள் குச்சியாகியிருந்தன, வயிறு மட்டும்தான் தெரிந்தது. பத்து வருஷத்துக்கு அப்புறம் பார்க்கிறாள், என்னைத் தொடவில்லை. முதலில் வலையைத்தான் தொட்டாள். முகர்ந்து பார்த்தாள். கண் கலங்கிவிட்டது.

"எப்பா, மருந்து நாத்தம் அடிக்குதேப்பா. நரி ஒட்டுமா இதுல?"

மாமா வலையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். ரப்பர்ப் பாலை உறைய வைத்துத் தகடாக உருட்டிப் புகைக்கூடத்தில் தொங்கவிடுவார்கள். அந்தத் தகடுகளுக்கு நடுவே வலையையும் தொங்கவிட்டுவிட்டார். ஒரு பகலும் இரவும் புகையில் கிடந்த வலை பழுப்பாகி, தோட்டத்தின் வாசனையோடு திரும்பி வந்தது. "இங்கத்து நரி பொறந்ததுல இருந்து மோந்த வாசம் மாப்ள இது. இதுக்குப் பயப்படாது" என்றார். எனக்கு மாமாமேல் அன்றைக்குத்தான் முதல்முதலாக மரியாதை வந்தது.

அடுத்த தலைவலி நாய். லயத்தில் நாய் வளர்க்கக் கூடாது என்று துரையின் உத்தரவாம். தோட்டத்து எல்லைக்கு வெளியே கிரிபண்டா என்ற சிங்களவர் இருந்தார். கித்துள் மரம் சீவுகிறவர். மாமாவும் அவரும் "மச்சான்" போட்டுத்தான் பேசிக்கொள்வார்கள். அந்தச் சொல் இரண்டு பாஷைக்கும் பொதுவாம். அவரிடம் இரண்டு வேட்டைநாய்கள் இருந்தன. பெரியது கறுப்பு, பெயர் கலுவா. முயலையும் முள்ளம்பன்றியையும் துரத்திப் பழகியவை.

மாமா சிங்களத்தில் எடுத்துச் சொன்னார். கிரிபண்டா என்னைப் பார்த்து, "நரியா?" என்றார்.

"ஆமாங்க, நரிதான்" என்றேன்.

"நரியா!"

"அட, ஆமாங்கிறேன்!"

"நரியா, நரியா" என்று தலையை ஆட்டினார். இந்த ஆளுக்குக் காது மந்தமா என்று மாமாவிடம் கேட்டேன். மாமா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிங்களத்தில் நரிக்குப் பெயரே நரியாதானாம். அவர் கேள்வி கேட்கவில்லை, பெயரைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.

பொங்கலன்று மட்டும்தான் லீவு, அதனால் அன்றைக்கே வேட்டை. லயத்து வாசலில் பானை பொங்கி, மாரியம்மனுக்குப் படைத்து முடித்ததும் ஆறு பேராகக் கிளம்பினோம். எல்லாரும் சேலத்துப் பக்கத்து ஆட்கள்தான்; நாய்களோடு கிரிபண்டாவும் வந்து சேர்ந்தார். ரப்பர்க் காட்டுக்கு மேலே ஒரு பாறைமேடு, சுற்றிலும் ஆளுயர மானாப்புல். பாறைக்கு அடியில் நரிப்பொந்து. புல்லுக்குள் அது போய்வரும் தடத்தை மாமா முன்னாலேயே பார்த்து வைத்திருந்தார்.

வலை கட்டுவதைப் பற்றிச் சொல்லியாக வேண்டும், இல்லாவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. வலையை இழுத்துக் கட்டக் கூடாது. கட்டினால் நரி மோதித் திரும்பி ஓடிவிடும். கவைக்குச்சிகளில் சும்மா சாத்தி வைக்க வேண்டும். நரி வந்து மோதியதும் குச்சி சரிந்து, வலை அதன் மேலேயே விழுந்து சுருட்டிக்கொள்ளும். இரண்டு ஆட்கள் பக்கத்திலேயே பதுங்கியிருந்து பாய்ந்து அமுக்க வேண்டும். ஊரில் இந்த வலையை நான் ஒற்றை ஆளாகத் தூக்குவேன். இங்கே மழையில் ஊறியதும் இரண்டு ஆள் கேட்டது.

வலையடியில் நானும் மாமாவும். கிரிபண்டா பாறைக்குப் பின்னாலிருந்து நாய்களை அவிழ்த்தார். மற்றவர்கள் இரண்டு பக்கமும் தகரம் தட்டிக்கொண்டு வந்தார்கள். கலுவா குரைத்த குரைப்பில் பாறையே அதிர்ந்தது. நரி கிளம்பிவிட்டது! புல் அசைவது தெரிந்தது. எங்கள் ஆள் ஒருவன் உற்சாகம் தாங்காமல், "எப்பா! உன் பக்கந்தான் வருது, விடாத!" என்று கத்தினான். குரைப்பு டக்கென்று நின்றது. எழுந்து பார்த்தால் இரண்டு நாய்களும் புல்லுக்குள் குந்திக்கொண்டு எங்களைப் பார்க்கின்றன. நரி ஆற அமர வேறு வழியாகப் போய்விட்டது.

மறுபடி விட்டோம். மறுபடி, "எப்பா, மேல ஏறுது பாரு!" நாய்கள் உட்கார்ந்துவிட்டன. மூன்றாவது தடவையும் அதே கதை. நடுவில் எங்கோ படுத்திருந்த ஒரு முயல் மட்டும் தானாக வந்து வலையில் விழுந்தது.

எனக்குத் தலைக்கேறிவிட்டது. "சோத்துக்கு வந்த நாய்ங்க! எங்க ஊர் நாயா இருந்தா இந்நேரம் பத்து நரி புடிச்சிருக்கும்" என்று கத்தினேன். கிரிபண்டாவுக்கு நான் சொன்ன பாஷை புரிந்ததோ என்னவோ, சொன்ன தோரணை புரிந்துவிட்டது. முகம் சிவக்க, தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார்: "நாய் கெட்டது இல்ல. உங்க ஆளு கெட்டது. எப்பா, எப்பா சொல்றது. நாய் என்ன செய்யும்?"

மாமா நெற்றியில் அடித்துக்கொண்டு அப்படியே புல்லில் உட்கார்ந்துவிட்டார். சிங்களத்தில் எப்பா என்றால் வேண்டாம், கூடாது என்று அர்த்தம். பிடித்த உருப்படியைக் கடித்துக் குதறாமல் இருக்க அந்த ஒரு சொல்லைத்தான் கிரிபண்டா நாய்களுக்குப் பழக்கியிருந்தார். "பத்து வருசமா ரெண்டு எப்பாவையும் ஒரே வாயால சொல்லிட்டிருக்கேன் மாப்ள, இன்னிக்குத்தான் என் காதுல விழுது" என்றார் மாமா.

எனக்கு ரயிலில் பார்த்த குழந்தை ஞாபகம் வந்தது. வேண்டாம் வேண்டாம் என்று அது கதறக் கதறக் கமர்கட்டைத் திணித்திருக்கிறேன்! கிரிபண்டாவிடம் கையெடுத்துக் கும்பிட்டேன். அவர் சிரித்துவிட்டார். கலுவாவிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்று தெரியவில்லை, முயலில் ஒரு தொடையை அதற்குக் கொடுத்தோம்.

மிச்சத்தை மிளகும் கொறுக்கா என்கிற அந்த ஊர்ப் புளியும் தேங்காய்ப்பாலும் சேர்த்து மாமா குழம்பு வைத்தார். தேங்காய்ப்பூ போட்ட கனத்த ரொட்டி. கிரிபண்டாவும் எங்களோடுதான் சாப்பிட்டார். முயல்கறி எங்கள் ஊரிலும் சாப்பிட்டிருக்கிறேன், அந்தப் புளியின் புளிப்பு இங்கே தனி. அக்கா மட்டும் ரொட்டியைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டிலேயே வைத்தாள். "முயல் கெடக்கட்டும். நரி?" என்றாள். இருந்தது ஒரே ஒரு நாள்.

மறுநாள் தை இரண்டு. லீவு கிடையாது. பால்வெட்டு மத்தியானத்தோடு முடியும், வாளியைக் கழுவி வைத்துவிட்டு எல்லாரும் ஓடி வந்தார்கள். மாமா ஒவ்வொருவன் வாயிலும் நாலு வெற்றிலையை அடைத்தார். "மெல்லு. துப்பாத. பேசாத. கூப்பிடணும்னா சீட்டி அடி." வெற்றிலையைக் குதப்பிக்கொண்டு எவன் சீட்டியடிக்க முடியும்? புஸ் புஸ் என்று காற்றுதான் வந்தது. சிரிப்பை அடக்க முடியாமல் ஒருவன் சட்டையெல்லாம் சிவப்பாக்கிக்கொண்டான். சேலத்துக்காரன் எப்பா சொல்லாமல் அரை நாள் இருப்பது லேசுப்பட்ட காரியமா? நான் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

இந்தத் தடவை நாய்கள் நிற்கவே இல்லை. புல்லைப் பிளந்துகொண்டு நரி நேராக எங்கள் தடத்துக்கு வந்தது. வலையில் மோதியது. குச்சிகள் சரிந்தன. வலை சுருண்டு விழுந்தது. விழுந்துவிட்டது நரி!

நானும் மாமாவும் பாய்ந்தோம். ஈரப் பாறையில் மாமா சறுக்கி விழுந்தார். நான் வலையின் ஒரு முனையை அமுக்குவதற்குள் கலுவா வந்துவிட்டது. நரியின் கழுத்துக்கும் அதன் பல்லுக்கும் நடுவில் ஒரு முழம்தான் இருந்திருக்கும். கிரிபண்டா மேலே பாறைக்குப் பின்னால், ஒன்றும் தெரியாத இடத்தில். நான் கத்தினேன். "ஏய்! போ! ஐயோ, விடு!" என்று வாயில் வந்ததையெல்லாம் கத்தினேன். வேண்டிய அந்த ஒரு சொல் மட்டும் வரவில்லை. காலையிலிருந்து சொல்லக் கூடாது, சொல்லக் கூடாது என்று நாக்கைக் கட்டி வைத்திருந்தேனே, அது கட்டிக்கொண்டுவிட்டது.

அப்போது எனக்குப் பின்னாலிருந்து ஒரு குரல்.

"எப்பா!"

கலுவா குந்திவிட்டது. பல் தெரியத் திறந்த வாய் திறந்தபடியே இருக்க, வாலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்துவிட்டது.

அக்கா நின்றுகொண்டிருந்தாள். லயத்திலேயே இரு என்று சொன்னதைக் கேட்காமல், ஆறு மாத வயிற்றோடு, ஒரு கையால் புல்லைப் பிடித்துக்கொண்டு அந்த வழுக்குப் பாறையில் ஏறி வந்திருக்கிறாள். திட்டலாம் என்று வாயைத் திறந்தேன். அழுகைதான் வந்தது.

மாமா எழுந்து வந்து நரியின் வாயைத் தன் துண்டால் கட்டினார். நான் அதன் உடம்பு முழுக்கத் தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அக்கா மெல்லக் கீழே உட்கார்ந்தாள். நரி அவளைப் பார்த்தது, அவள் நரியைப் பார்த்தாள். மஞ்சள் கண், நனைந்த மூக்கு, படபடவென்று அடித்துக்கொள்ளும் விலா. எவ்வளவு நேரம் பார்த்தாளோ, எனக்குக் கை மரத்துவிட்டது. பிறகு, "போதும் சாமி" என்றாள்.

லயத்து மாரியம்மன் முன்னால் கொண்டுபோய்க் காட்டினோம். எல்லாரும் பார்த்தார்கள். கிரிபண்டாவின் பெண்சாதியும் எட்டி நின்று பார்த்துவிட்டு, புருஷனிடம் சிங்களத்தில் ஏதோ கேட்டாள். மாமா எனக்குச் சொன்னார்: "'இவ்வளவு பாடுபட்டுப் புடிச்சு, பார்த்தது மட்டும்தானா?'ன்னு கேக்கறா." வெயில் தாழ்வதற்குள் பாறையடியில் கொண்டுபோய் விட்டோம். துண்டை அவிழ்த்ததும் நரி திரும்பிப் பார்க்காமல் ஓடியது.

திரும்பி வரும்போது அக்காவிடம் கேட்டேன். "நீ என்னையக் கூப்பிட்டியா, நாயத் தடுத்தியா?"

அவளுக்கும் பத்து வருஷத்தில் சிங்களம் நன்றாகவே பழகியிருந்தது. "எனக்கே தெரியலப்பா. வாயில வந்துச்சு" என்றாள்.

நாலாம் நாள் கிளம்பினேன். வலையை அவளிடமே விட்டுவிட்டேன். சித்திரைக் கடைசியில் கடிதம் வந்தது. மற்ற விசாரிப்பெல்லாம் கணக்கப்பிள்ளையின் கைவரிசை. நடுவில் ஒரு வரி மட்டும் அக்கா: "ஆம்பளப் புள்ள. நிக்குது." அம்மா அந்தக் கடிதத்தை நாலாக மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு தெருத்தெருவாகப் போனாள். நான் மாட்டுக் கொட்டகைக்குப் போய், யாருக்கும் தெரியாமல் அழுதேன்.

அப்புறம் ஆறு வருஷம் கழித்துத்தான் மறுபடி போக வாய்த்தது. இந்தத் தடவை கையில் வலை இல்லை. ரம்புக்கனையில் அதே பின் எஞ்சினைப் பூட்டினார்கள். நானாவின் கடையில் அவர் மகன் உட்கார்ந்திருந்தது வண்டியிலிருந்தே தெரிந்தது. மேடையில் மாமா நின்றார், தலை நரைத்திருந்தது. அவர் கையை உதறிக்கொண்டு ஒரு பொடியன் வண்டியை நோக்கி ஓடி வந்தான். அக்காவின் நெற்றி, அக்காவின் காது. சிங்களப் பிள்ளைகளோடு விளையாடி, பாதி நாள் சிங்களத்திலேயே பேசுகிறான் என்று கடிதத்தில் படித்திருந்தேன். அதெல்லாம் அந்த நேரத்தில் யாருக்கு ஞாபகம் இருக்கிறது? வண்டி வாசலில் நின்று இரண்டு கையையும் நீட்டினேன்.

"எப்பா!" என்று கூவினேன்.

ஓடி வந்தவன் அப்படியே நின்றுவிட்டான். தூக்கிய காலைக்கூடக் கீழே வைக்கவில்லை. நீட்டிய என் கையைப் பார்த்தான், என் வாயைப் பார்த்தான்.

"மாமா, வரவா, வேணாமா?" என்று கேட்டான்.

"வா" என்று மட்டும் சொன்னேன்.

வந்தான்.